கசப்புக்கு ஒன்று, இனிப்புக்கு ஒன்று

விடுதிக் குளியலறைத் தரையில் தண்ணீர் போகிற ஓட்டையை அடைத்துக்கொண்டு ஒரு கைப்பிடி மயிர் கிடந்தது. எங்கள் மூவரில் யாருடையதும் இல்லை. பாதி செம்பட்டை, பாதி கறுப்பு, சோப்பு நுரையோடு சேர்ந்து காய்ந்து போயிருந்தது. இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. பல் டாக்டரிடம் உதவியாளாக இருந்து, ஊரார் வாயைப் பார்த்தே வயிறு வளர்ப்பவள் நான். சீழ், ரத்தம், சொத்தை எதற்கும் முகம் சுளித்ததில்லை. எனக்கே குமட்டிக்கொண்டு வந்தது. என் கணவன் ஒராசியோ கட்டிலில் உட்கார்ந்து கைபேசியில் மறுநாள் போகிற பாதையைத் தடவிக்கொண்டிருந்தான். "சூரியகாந்தின்னு பேரு வெச்சிருக்கான், ரூமுக்கு ஒரு ஜன்னல்கூட இல்ல," என்றான். அதைக் கண்டுபிடித்துவிட்டதில் அவனுக்கு ஒரு சந்தோஷம். எழுந்து வந்து ஓட்டையைப் பார்க்கத்தான் ஆளில்லை.

ஜூலைதான் எங்கள் நாட்டில் குளிர்காலம், பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. ரொசாரியோவிலிருந்து வடக்கே மலைப்பக்கம் காரிலேயே போய்வருவது என்று முடிவானது என் பிடிவாதத்தால்தான். ஒராசியோ கடற்கரை என்றான். இந்தக் குளிரில் கடற்கரையில் போய் என்ன செய்வாய் என்று அடக்கிவிட்டேன். வடக்கு என் அம்மாவின் பக்கம். சந்தியாகோ தெல் எஸ்தெரோவிலிருந்து ரயிலேறி வந்து ரொசாரியோவில் நாலு வீட்டில் வேலை பார்த்து என்னை வளர்த்தாள். என் கறுத்த நிறமும் சுருட்டை முடியும் அவள் கொடுத்தவை. ஆனால் நான் அந்தப் பக்கம் போனதே இல்லை, போக வேண்டும் என்று ஏங்கியதும் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது மலையும் இல்லை, ஊரும் இல்லை. என் மகள்.

மலேனாவுக்குப் பதினாறு வயது. ஒரு வருடமாக அவள் என்னைவிட்டு விலகிக்கொண்டிருந்தாள். கத்தினால், கதவை அறைந்து சாத்தினால் எனக்குப் புரியும், நானும் அந்த வயதில் அதெல்லாம் செய்தவள்தான். இவள் மரியாதையாக விலகினாள். கிளினிக்குக்கு வருவதை நிறுத்தினாள். பள்ளி வாசலில் நிற்காதே, தெருமுக்கில் நில் என்றாள். என்னிடமிருந்து போன சுருட்டை முடியைச் சூடான இடுக்கி ஒன்றால் தினம் காலையில் நீட்டினாள், அறை முழுக்கத் தீய்ந்த நாற்றம் வரும். வயது அப்படித்தான் என்றார்கள். ஒரே காரில் பத்து நாள் அடைத்துவைத்தால் எங்கே போய்விடுவாள் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

முன் சீட்டில் உட்காருகிறவர் மாத்தே என்கிற இலைத்தேநீர் ஊற்ற வேண்டும் என்பது எங்கள் நாட்டில் எழுதாத சட்டம். முழங்காலிடுக்கில் வெந்நீர் பிளாஸ்க், கையில் சுரைக்குடுக்கை, அதில் முக்கால்வாசி இலைத்தூள், நடுவே செருகிய உலோகக் குழல். ஊற்றுகிறவள் முதலில் தானே உறிஞ்சித் தீர்த்துவிட்டு, பிறகு மறுபடி மறுபடி நிரப்பி ஒவ்வொருவராக நீட்டுவாள். எல்லோருக்கும் அதே குடுக்கை, அதே குழல். பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த முன்பின் தெரியாதவன் நீட்டினாலும் வாங்கி உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுப்பதுதான் மரியாதை. எச்சில் பார்க்கிறவனை மனுஷனாகவே சேர்க்கமாட்டோம். போதும் என்றால் 'நன்றி' சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் பிறகு முறை வராது.

எங்கள் காரில் மட்டும் குடுக்கை இரண்டு. ஒன்று கசப்பு, ஒராசியோவுக்கும் மலேனாவுக்கும். மற்றது இனிப்பு, எனக்கு மட்டும். சர்க்கரை போட்டு, வாசனைக்கு ஒரு மலைத்தழையைக் கிள்ளிப்போட்டுத்தான் என் அம்மா குடிப்பாள், எனக்கும் அதுதான் பழக்கம். கல்யாணமான புதிதில் மாமியார் இல்தா, மரியாதைக்குத் 'தோன்யா' சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும், எனக்கென்று ஒரு குடுக்கை வாங்கிவந்து, அதன் குழலில் சிவப்பு நூலும் கட்டிவைத்தாள். "கசப்புக் குடுக்கையில சக்கரை பட்டா கெட்டுப்போயிடும்மா. உனக்குன்னு இது தனியா இருக்கட்டும்," என்றாள். எவ்வளவு கரிசனம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கசப்புக் குடுக்கையில் நான் வாய் வைப்பதில்லை. ஊற்றிக் கொடுப்பதோடு சரி.

இரண்டாவது விடுதியில் நீச்சல்குளம் உண்டு என்று படம் போட்டிருந்தான். உண்மைதான், குளம் இருந்தது. தண்ணீர்தான் இல்லை. அடியில் உடைந்த நாற்காலிகளும் ஊதிப்போன ஒரு செத்த புறாவும் கிடந்தன. கழிப்பறையில் சங்கிலியை இழுத்தால் கீழே போக வேண்டியது மேலே வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒராசியோ கீழே ஓடி, விடுதிக்காரனைக் கூட்டிவந்தான். அவன் ஒரு பக்கக் கன்னம் புடைக்கக் கோக்கா இலையை அதக்கிக்கொண்டு, பீங்கானைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் சார் இருந்துச்சு," என்றான்.

"அப்ப நாங்க வந்ததுதான் தப்புன்றியா?"

"அப்படிச் சொல்லல சார். நீங்க காகிதத்தை உள்ள போட்டிருப்பீங்க."

அவன் போனதும் ஒராசியோ, "இந்த வடக்கத்திக்காரங்களே இப்படித்தான். நாள் பூரா மாடு மாதிரி அசைபோட்டுக்கிட்டு, குளிக்கறதும் கெடையாது, கழுவறதும் கெடையாது," என்றான். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன்னைச் சொல்லல விவி," என்றான். கல்யாணமான நாளிலிருந்து இந்த 'உன்னைச் சொல்லல'வைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது மரத்துவிட்டது. யாரைச் சொன்னான் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கழிப்பறையைக் குச்சியால் குத்திச் சரிசெய்தது நான்தான்.

சாப்பாட்டிலும் அதே கதைதான். உள்ளூர்ச் சாப்பாடு சாப்பிட வேண்டும், ஊர் ஊராகப் போய் பீட்ஸா தின்பது கேவலம் என்று கிளம்பும்போதே பிரசங்கம் செய்தவன் ஒராசியோ. சாலையோரக் கடையில் லோக்ரோ வந்தது. சோளம், பூசணி, குடல், பன்றிக்கால் எல்லாம் போட்டுப் பாதி நாள் கொதிக்க வைத்த கஞ்சி. அவன் கிண்ணத்தில் வந்த காலில் நாலைந்து முடி ஒட்டிக்கொண்டிருந்தது. கரண்டியால் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, தன் கைபேசியில் படமும் எடுத்து, கடைக்காரிக்குக் கேட்கிற மாதிரி மூச்சு விட்டான். பாதியில் எழுந்துபோய்க் காரிலிருந்து பிஸ்கட் எடுத்துத் தின்றான். எனக்குப் பசி. முடியைத் தள்ளிவிட்டு எலும்பை எடுத்து உறிஞ்சினேன். நன்றாகத்தான் இருந்தது.

"மா, ப்ளீஸ். பாக்கறாங்க," என்றாள் மலேனா.

"யாருடி பாக்கறா? நாய்தான் பாக்குது. அதுக்கும் பசி."

அவள் சிரிக்கவில்லை. என் வாயைப் பார்த்தாள், உதட்டைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பார்வையை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது, எங்கே என்று பிடிபடவில்லை. எலும்பைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டேன். நாய்க்குத்தான் லாபம்.

மறுநாள் மலையேற்றம். செம்பாறைப் பள்ளத்தாக்கின் ஓரமாகவே ஏறிப்போனால் ஓர் அருவி வரும் என்று சொல்லியிருந்தார்கள். அடிவாரத்தில் உள்ளூர் ஆட்கள் வழிகாட்டக் காத்துக்கொண்டு நின்றார்கள். "கைபேசியிலயே பாதை இருக்கு, இவனுங்க எதுக்கு," என்று ஒராசியோ அவர்களைத் தாண்டி நடந்தான். கைபேசி காட்டிய பாதை கள்ளிப்புதருக்குள் கொண்டுபோய் விட்டது. ஆட்டுப்புழுக்கையில் வழுக்கி, முள்ளில் மாட்டி, கடைசியில் பாறையிடுக்கில் செத்து வீங்கிக் கிடந்த ஒரு வெள்ளாட்டின் மேலேயே கால் வைத்துவிட்டான். அது 'புஸ்'ஸென்று ஒரு சத்தம் போட்டது. அந்த நாற்றம் எங்களோடு மேலே வரை வந்தது. அவன் அலறிக்கொண்டு குதித்து, தோள்பையைச் சுழற்றிய வேகத்தில் பக்கவாட்டுப் பையில் செருகியிருந்த என் குடுக்கை எகிறிப் பள்ளத்தில் விழுந்தது. பாறை பாறையாகத் தட்டிக்கொண்டு போகும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. "போனாப் போகுது, ஊருக்குப் போய் வேற வாங்கிக்கலாம்," என்றான். செருப்பைக் கல்லில் தேய்த்துக்கொண்டே சொன்னான்.

அருவி, எங்கள் வீட்டுக் குழாய் ஒழுகுகிற அளவுக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அதன் எதிரில் உட்கார்ந்து மிச்சமிருந்த கசப்புக் குடுக்கையில் இலை நிரப்பி வெந்நீர் விட்டேன். ஊற்றுகிறவளே முதலில் குடிக்க வேண்டும், குடித்தேன். கல்யாணத்துக்கு அப்புறம் அந்தக் குழலில் நான் வாய் வைத்தது அதுதான் முதல் தடவை. கசப்பு நாக்கைப் பிடித்தது. தீர்த்துவிட்டு மறுபடி நிரப்பி ஒராசியோவிடம் நீட்டினேன்.

"நன்றி," என்றான்.

ஒரு வாய்கூடக் குடிக்காதவன் நன்றி சொல்லி நான் பார்த்ததில்லை. "என்னது, ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ள நன்றியா?"

"நெஞ்செரிச்சல். அந்தப் பன்னிக்கால் வேலை."

அவன் தின்றது பிஸ்கட். மலேனாவிடம் நீட்டினேன். அவள் அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எனக்கும் வேணாம்மா, தலை வலிக்குது. மலை உயரம்ல," என்றாள். சரிதான், உயரம் பலருக்கு ஒத்துக்கொள்ளாது என்று இரண்டு பேருக்கும் பரிதாபப்பட்டேன். மடச்சி மாதிரி பிளாஸ்க் வெந்நீர் முழுவதையும் நானே குடித்துத் தீர்த்தேன்.

மூன்றாவது விடுதி ஒரு மலைக்கிராமத்தில். போய்ச் சேரும்போது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. விடுதிக்காரன் வாசலிலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றான். குளிரில் கழிவுக்குழாய் உறைந்து வெடித்து, அறையெல்லாம் கணுக்கால் அளவு நிற்கிறதாம். சொல்ல வேண்டியதே இல்லை, காற்றே சொல்லியது. ஒராசியோ கத்தினான், அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எங்க அத்தை வீட்டுல ஒரு ரூம் இருக்கு சார். நாலு வீடு தள்ளி. பொம்பளை ஒண்டியா இருக்கு, சுத்தமா வெச்சிருக்கும்," என்றான். அடுத்த ஊருக்குப் போகலாம் என்றால் பாதை மலைவிளிம்பு, இருட்டிக்கொண்டு வருகிறது. போனோம்.

அத்தையின் பெயர் தோன்யா ரமோனா. குட்டையான, அகலமான பெண்மணி, நிறம் என்னைவிட ஒரு பங்கு கூட. பச்சைச் செங்கல் வீடு, தரை மண்தான், ஆனால் தண்ணீர் தெளித்துப் பெருக்கிய தடம் விளக்குமாற்றுக் கீற்றாகத் தெரிந்தது. அறையில் மூன்று கட்டில். போர்வையை முகர்ந்து பார்த்தேன், இந்தப் பயணத்தில் அது எனக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. வெயிலில் உலர்ந்த வாசனை. வந்த நாளிலிருந்து நான் கண்ட முதல் சுத்தமான படுக்கை. அழுகை வரும்போல் இருந்தது.

அடுப்பங்கரையில் அடுப்பைச் சுற்றி எங்களை உட்கார வைத்து, உப்புக்கண்டமும் அரிசியும் போட்ட குழம்பு கொடுத்தாள். ஒராசியோ கிண்ணத்தைக் கிளறிப் பார்த்தான், முடி எதுவும் கிடைக்கவில்லை, வேறு வழியில்லாமல் சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்ததும் ரமோனா மாத்தே எடுத்தாள். வாழ்நாள் முழுக்கக் கைபட்டுக் கறுத்த குடுக்கை, பளபளவென்று தேய்த்த குழல். சர்க்கரை போட்டு, பக்கத்தில் கட்டி வைத்திருந்த தழையில் கொஞ்சம் கிள்ளி உள்ளே விட்டாள். முதலில் தான் குடித்தாள். என் தொழில்புத்தி, யாரைப் பார்த்தாலும் வாயைத்தான் பார்ப்பேன். முன்பல் இரண்டு போயிருந்தது, மிச்சமெல்லாம் உறுதி, ஈறு இளஞ்சிவப்பு. எங்கள் கிளினிக்குக்கு வருகிற வக்கீல்களில் பாதிப் பேருக்கு அப்படி ஈறு கிடையாது.

நிரப்பி, விருந்தாளி என்ற முறையில் முதலில் ஒராசியோவுக்கு நீட்டினாள்.

அவன் வாங்கினான். பைக்குள் கையைவிட்டுக் கைக்குட்டையை எடுத்தான். குழலின் முனையை, அவள் வாய் பட்ட இடத்தை, ஒரு சுற்று துடைத்தான். திருப்பி இன்னொரு சுற்று. பிறகு குடித்தான்.

எனக்கு உடம்பு கூசிவிட்டது. எங்கள் ஜனங்கள் என்ன குடிகாரனாக இருந்தாலும், கொலைகாரனாக இருந்தாலும் இதைச் செய்யமாட்டார்கள். ஒருத்தர் வீட்டில் உட்கார்ந்து, அவர் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு, அவர் கண் முன்னால் குழலைத் துடைப்பது, அவர் முகத்தில் துப்புவதற்குச் சமம். "சூடா இருக்கு," என்றான் ஒராசியோ, யாரும் கேட்காமலேயே. ரமோனா குடுக்கையைத் திரும்ப வாங்கி நிரப்பி என்னிடம் கொடுத்தாள். நான் ஒரே மூச்சில், கடைசிச் சொட்டு சத்தம் போடுகிற வரை உறிஞ்சினேன். அதிலாவது அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது. என் அம்மா போடுகிற அதே தழை.

அடுத்தது மலேனா. ரமோனா நிரப்பி நீட்டினாள். மலேனா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கம்பளிச் சட்டையின் கையை விரல்நுனி வரை இழுத்துவிட்டு, அந்தத் துணியால் குழலின் முனையைப் பிடித்து, ஒரு சுற்று துடைத்தாள். திருப்பி இன்னொரு சுற்று. அப்பன் செய்த அதே மாதிரி. அப்போதுதான் பார்த்துக் கற்றுக்கொண்ட கை அல்ல அது, ரொம்ப நாள் பழகிய கை.

கடைசியாக அந்தக் குழலில் வாய் வைத்தது நான். அவள் துடைத்தது என்னை.

ரமோனா எழுந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அலமாரிக்குப் போய், பூப்போட்ட பீங்கான் கப் ஒன்றை எடுத்துத் தண்ணீர் விட்டு அலம்பி, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். "ஐயாவுக்கு நான் டீ போட்டுத் தரேன். தனிக் கப்புல குடிங்க. எச்சில் படாது," என்றாள். குரலில் கோபமே இல்லை. பிறகு மலேனாவைப் பார்த்துக் கேட்டாள், "பாப்பாவுக்கும் தனிக் கப்பா?"

மலேனாவின் முகம் காது வரை சிவந்தது. குடுக்கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒராசியோ, "ஐயோ, எதுக்கும்மா சிரமம்," என்று அசட்டுச் சிரிப்பு சிரித்தான். தேநீரை மட்டும் வாங்கிக் குடித்தான்.

எனக்கு அதற்கப்புறம் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது, இழுக்க இழுக்க வந்தது. சர்க்கரை பட்டால் குடுக்கை கெட்டுப்போகும் என்று சொன்ன தோன்யா இல்தா, தன் பேரனுக்குப் பாலில் சர்க்கரை போட்டுக் கசப்புக் குடுக்கையிலேயே கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். சிவப்பு நூல் எனக்கு அடையாளம் இல்லை, அவர்களுக்கு எச்சரிக்கை. வீட்டுக்கு என் அம்மா வந்தால் அவளுக்கும் அந்தச் சிவப்பு நூல் குழல்தான். எவ்வளவு ஆசையாக அம்மாவும் பெண்ணும் ஒரே குடுக்கையில் குடித்தோம், எவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலேனா பால்குடி மறந்த நாளிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள். கசப்பு யாருக்கு, இனிப்பு யாருக்கு என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சோற்றுக்கடையில் என் உதட்டைப் பார்த்த அந்தப் பார்வையை எங்கே பார்த்தேன் என்பது இப்போது தெரிந்தது. அது என் மாமியாருடையது.

காலையில் ஒராசியோ பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தான். மலேனா இன்னும் உள்ளே முடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கார்க்கண்ணாடியில் உறைபனி ஒரு விரல் தடிமன் படிந்திருந்தது. பக்கத்தில் போய் நின்றேன்.

"ரெண்டாவது குடுக்கை சக்கரைக்காகத்தானே?"

"என்னது?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

அவன் பெட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தான். "காலங்காத்தால ஆரம்பிக்காத விவி. அந்தக் கிழவி வாயப் பாத்தியா, பல்லே இல்ல. அதுக்குத்தான் தொடச்சேன். உன்னைச் சொல்லல."

"அருவிகிட்ட கிழவி யாரும் இல்ல. நான்தான் இருந்தேன்."

"நெஞ்செரிச்சல்னு சொன்னேனே."

"வீட்டுல? இத்தனை வருஷமா?"

அவன் சாலையைப் பார்த்தான், மலையைப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாதவன் இல்லை. ஆனால் பொய் சொல்கிற அளவுக்கு இது ஒரு விஷயம் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை, அதுதான் என்னை என்னவோ செய்தது. "அது எங்க வீட்டுப் பழக்கம்டி. அம்மா அப்படி வளத்தாங்க. எனக்கு வராது, அவ்வளவுதான். அதுக்காக உன்னைத் தொடாமயா இருக்கேன்? உன்கூடத்தானே படுக்கறேன்?" என்றான். சமாதானப்படுத்துகிற குரலில், தோளில் ஒரு தட்டுத் தட்டினான்.

வாயில் உப்புநீர் ஊறியது. குளியலறை மயிர், ஊதிப்போன புறா, மேலேறி வந்த மலம், 'புஸ்'ஸென்று வெடித்த ஆடு எல்லாவற்றையும் தாங்கிய வயிறு அங்கே தாங்கவில்லை. சுவரோரம் போய்க் குனிந்து, ரமோனா கொடுத்த காலை ரொட்டியை அப்படியே வெளியே எடுத்தேன். இருட்டில் என் வாயில் வாய் வைத்த அதே ஆள்தான் இவன். அப்போதெல்லாம் முடிந்ததும் எழுந்துபோய் வாய் கொப்பளிப்பான். சுத்தக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பாத்தியா, நேத்துச் சாப்பாடு ஒத்துக்கல," என்றான் பின்னாலிருந்து.

வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, அவன் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினேன். "பின்னாடி உக்காரு," என்றேன். ஏன் என்று கேட்டான். "பின்னாடி உக்காரு," என்று மறுபடி சொன்னேன். என் முகத்தில் என்ன இருந்ததோ, போய் உட்கார்ந்தான். ரமோனா வாசலில் நின்று பிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள். அவள் கையைப் பிடித்தேன்.  "போயிட்டு வாம்மா, ரோடு வழுக்கும்," என்றாள்.

மலேனாவை முன்சீட்டில் உட்கார வைத்தேன். பிளாஸ்க்கை அவள் முழங்காலிடுக்கில் வைத்து, ஒராசியோவின் கசப்புக் குடுக்கையைக் கையில் கொடுத்தேன். முன்னால் உட்கார்ந்தால் ஊற்ற வேண்டும், அவளுக்குத் தெரியாதா என்ன. கிராமத்தைத் தாண்டிப் பாதை மலைவிளிம்பில் ஏறியது. ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது, கண்ணாடியில் பனி ஓரமாக உருகி வழிந்தது. பின்சீட்டில் ஒராசியோ கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலையைச் சாய்த்திருந்தான்.

மலேனா இலையைக் குலுக்கி, குழலைச் செருகி, வெந்நீர் விட்டாள். நல்ல கை அவளுக்கு, ஒரு துளி சிந்தவில்லை. முதலாவதைத் தானே குடித்தாள். மறுபடி நிரப்பி என்னிடம் நீட்டினாள். ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் வாங்கி, அவள் வாய் வைத்த இடத்தில் வாய் வைத்து உறிஞ்சினேன். கசப்பு. அடியில் காற்று சத்தம் போடும்வரை உறிஞ்சித் திருப்பிக் கொடுத்தேன். அவள் நிரப்பிப் பின்னால் நீட்டினாள்.

"எனக்கு வேணாம்டா. நன்றி," என்றான் ஒராசியோ, கண்ணைத் திறக்காமல்.

நீட்டிய கை திரும்பி வந்தது. நிரம்பிய குடுக்கை, இனி அவளுடைய முறை. அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மடியில் வைத்திருந்தாள். ஆவி மேலே எழும்பிக்கொண்டிருந்தது.

"மாலே," என்றேன். "தொடைக்கணும்னா தொடைச்சுக்கோ. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆனா நான் பாக்கும்போது தொடை. எனக்குத் தெரியணும்."

அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. குளிருக்கா, அழுகிறாளா, தெரியவில்லை. திரும்பிப் பார்க்கலாம் என்று இருந்தபோது எதிரே வளைவு வந்துவிட்டது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை, நடுவில் உருகாத பனி பளபளவென்று படிந்து கிடந்தது. கியரைக் குறைத்தேன். இரண்டு கையும் ஸ்டியரிங்கில், இரண்டு கண்ணும் ரோட்டில். பக்கத்தில் கம்பளி உரசுகிற மாதிரி ஒரு சத்தம், சீட்டில் நகர்ந்து உட்கார்ந்தாளோ என்னவோ. அப்புறம் ஒன்றுமில்லை. சக்கரம் பனியை நொறுக்கிக்கொண்டு மெதுவாகத் திரும்பியது. அந்தச் சத்தத்துக்கு நடுவே குழலில் உறிஞ்சும் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு, வளைவை ஒட்டி வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.